மேல்கையில ரவை ஒட்டின மாதிரி சொரசொரப்பு: கடையில என்கிட்ட கேக்குற கேள்விகளும் நான் சொல்ற பதிலும்

தருமபுரி பக்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல 12 வருஷமா பார்மசிஸ்ட்டா இருக்கேன். போன மே மாசம் அக்னி நட்சத்திர வெயில்ல ஒரு காலேஜ் பொண்ணு முழுக்கை சுடிதார் போட்டுட்டு வந்துச்சு, கூட்டம் குறையற வரைக்கும் ஓரமா நின்னுட்டு அப்புறம்தான் மெதுவா கைய மடிச்சு காட்டுச்சு. மேல்கை முழுக்க மணி மணியா புடைப்பு, அதுக்கு மேல செவசெவன்னு கீறல், கல்லு வச்சு தேய்ச்சிருக்கு. "அக்கா இது அழுக்கா, எவ்ளோ தேய்ச்சாலும் போக மாட்டேங்குது"ன்னு கேட்டப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. ஏன்னா அதே வயசுல நானும் அப்படித்தான் தேய்ச்சேன், எங்கம்மா பீர்க்கங்காய் நாரால தேய்ச்சு விட்டாங்க. அதனாலதான் தினம் கேக்குற கேள்வியெல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதுறேன், பொறுமையா படிங்க.

இது என்னது? அழுக்கா, பருவா, அலர்ஜியா?

மூணும் இல்லங்க. நம்ம தோலோட மேல் அடுக்குல கெரட்டின்னு ஒரு புரதம் இருக்கு, நகம் முடி எல்லாம் அதால ஆனதுதான். சிலருக்கு அந்த கெரட்டின் முடி முளைக்கிற குழியோட வாயிலயே சேந்து சேந்து கெட்டியாகி ஒரு சின்ன அடைப்பா நிக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு அடைப்பு, அவ்ளோதான். நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சு பாத்தீங்கன்னா சில மணிக்குள்ள மெல்லிசா ஒரு முடி வெளிய வர வழியில்லாம சுருண்டு கெடக்கறது தெரியும். டாக்டருங்க இதுக்கு கெரட்டோசிஸ் பிலாரிஸ்னு பேர் சொல்லுவாங்க. எறக்கை பிடுங்கின கோழித்தோல் மாதிரி இருக்கும், மேல்கையோட வெளிப்பக்கம், தொடை முன்பக்கம், புட்டம், சின்ன பசங்கன்னா கன்னத்துலயும் வரும். பெருசா வலிக்காது, மத்தவங்களுக்கு ஒட்டாது, குளிக்காததால வர்றதும் இல்ல. இந்த கடைசி விஷயத்த வீட்ல இருக்க பெரியவங்களுக்கு கட்டாயம் படிச்சு காட்டுங்க, "ஒழுங்கா தேய்ச்சு குளி"ன்னு கேட்டு கேட்டே பாதி பொண்ணுங்க நொந்து போயிருக்காங்க.

எனக்கு மட்டும் ஏன் வருது?

உங்களுக்கு மட்டும் இல்ல, பருவ வயசுல பாதிப்பேருக்கு கொஞ்சமாவது இருக்கும், முழுக்கைக்குள்ள இருக்கறதால நமக்கு தெரியறதில்ல. குடும்பத்துல வர்ற சமாச்சாரம் இது, அம்மா அப்பா கைய தடவி பாருங்க. பொதுவாவே வறண்ட தோல் இருக்கவங்களுக்கும், கரப்பான், வீசிங் மாதிரி தொந்தரவு இருக்கவங்களுக்கும் அதிகமா வரும். குளிர் வந்தா கூடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருந்து மார்கழி தை மாசத்துல வர்றவங்க கை அரம் மாதிரி இருக்கும், அதே ஆளுங்க ஆடி ஆவணியில வந்தா பாதி அடங்கியிருக்கும். நெறைய பேருக்கு 30 வயசு தாண்டுனா தானா கொறையுது.

நார் போட்டு அழுத்தி தேய்ச்சா போயிடாதா?

போகாது. நான் அதிகமா மன்றாடறது இந்த விஷயத்துலதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அடைப்பு இருக்கறது குழிக்குள்ள, நீங்க தேய்க்கறது மேல. நீங்க அழுத்தி தேய்க்கிறப்போ மணியோட தலைய மட்டும் சீவி விடறீங்க, அன்னைக்கு ஒரு நாள் வழுவழுன்னு இருக்கும், ரெண்டாம் நாள் தோல் "என்னைய யாரோ ஒரசறாங்க"ன்னு தன்னைக் காப்பாத்திக்க இன்னும் தடிமனா வளரும். கைவேலை பாக்கறவங்க உள்ளங்கையில காய்ப்பு காச்சிருக்கும் பாருங்க, அதே கதைதான். போதாக்குறைக்கு நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு ஒரு காயமோ வீக்கமோ வந்து ஆறினா அந்த எடத்துல கருப்புத் தழும்பு தங்கிடும், மணி போனாலும் அந்த கரும்புள்ளி மாசக்கணக்குல நிக்கும். கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு மணிய விட இந்த கருப்புதான் பெரிய கவலையா இருக்கு, அது தேய்ச்சு தேய்ச்சு அவங்களே வரவழைச்சுக்கிட்டது.

இன்னொன்னு, நைலான் நார். சந்தையில கலர் கலரா தொங்குமே, நீளமா ரெண்டு பக்கமும் பிடிச்சு முதுகு தேய்க்கறது, அத வருஷக்கணக்கா முதுகு, கை, முழங்காலுக்கு கீழ போட்டு தேய்க்கறவங்களுக்கு அந்த எடத்துல அலை அலையா பழுப்பு நெறத்துல படர ஆரம்பிக்கும், தோலுக்குள்ள அமிலாய்டுன்னு ஒரு புரதம் படியறதால வர்றது அது. வந்துட்டா போக வைக்கறது ரொம்ப கஷ்டம். அத அழுக்குன்னு நெனச்சு இன்னும் தேய்ப்பாங்க, இன்னும் கருக்கும். தயவுசெஞ்சு அந்த நார பாத்திரம் தேய்க்க வச்சுக்கங்க. பீர்க்கங்காய் நாரும் அப்படித்தான், காஞ்சது முள்ளு மாதிரி இருக்கும், வேணும்னா நல்லா ஊற வச்சு மெத்துனு ஆனப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் லேசா வட்டம் வட்டமா ஓட்டுங்க. மெல்லிசான பருத்தித் துணியே போதும்.

அப்ப என்னதான் போடணும்?

அடைப்ப ஊற வச்சு எளக்கணும், அதான் வழி. நாலு பொருள் பேர ஞாபகம் வச்சுக்கங்க, டியூபோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும்.

யூரியா. பேர் சொன்ன உடனே "வயலுக்கு போடறதா?"ன்னு கேப்பாங்க, கேள்வி நியாயம்தான். பொருள் ஒன்னுதான், ஆனா மூட்டையில வர்றது தோலுக்கு போடற சுத்தத்துல செய்யறதில்ல, அத கரைச்சு பூசிடாதீங்க. யூரியா நம்ம தோல்லயே இயற்கையா இருக்கு, ஈரத்த பிடிச்சு வைக்கறது அதோட வேலை. 10 சதவீதம்னா ஈரம் காக்கும், 20 சதவீதத்துக்கு மேல போனா கெட்டியான கெரட்டின கரைக்கவும் செய்யும், 40 சதவீதம் நகத்துக்கும் குதிகால் காய்ப்புக்கும், அத கையில போடக் கூடாது.

லாக்டிக் ஆசிட். 12 சதவீத லோஷனா கெடைக்கும், இந்த சொரசொரப்புக்கு பழைய நம்பிக்கையான மருந்து, மேல செத்து ஒட்டிக்கிட்டு இருக்க செல்லுங்கள ஒன்னோட ஒன்னு விடுவிச்சு உதிர வைக்கும், கூடவே ஈரமும் குடுக்கும். கிளைக்காலிக் ஆசிட் இதுக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, எரிச்சலும் ஜாஸ்தி. சாலிசிலிக் ஆசிட் எண்ணெய்ப் பசையில கரையும், அதனால குழிக்குள்ள எறங்கும், 2 சதவீதம் போதும், பருவும் சேந்து இருக்கவங்களுக்கு நல்லா ஒத்து வரும்.

என்னைக் கேட்டா மொதல்ல யூரியா இல்லன்னா லாக்டிக், இதுல ஒன்னு மட்டும் எடுங்க. நாலையும் வாங்கி ஒன்னு மேல ஒன்னு பூசிட்டு கை எரியுதுன்னு வந்து நிக்கறவங்கள வாரத்துக்கு ஒருத்தராவது பாக்கறேன்.

எப்படி போடறது, எவ்ளோ போடறது?

மொதல்ல முன்னங்கை உள்பக்கம் ஒரு ரூபா காசு அளவு தடவி ரெண்டு நாள் பாருங்க, ஒன்னும் ஆகலன்னா ஆரம்பிங்க. கொதிக்க கொதிக்க ஊத்திக்காம வெதுவெதுப்பா 5, 10 நிமிஷத்துல குளிச்சு முடிங்க, துண்ட வச்சு ஒத்தி எடுங்க, தேய்ச்சு தொடைக்காதீங்க, தோல்ல ஈரம் லேசா இருக்கப்பவே, மூணு நிமிஷத்துக்குள்ளன்னு வச்சுக்கங்க, சாதா மாய்ஸ்சரைசர பூசிடுங்க. மருந்து க்ரீம் ராத்திரி படுக்கப்போறப்போ, மொத ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒத்துக்கிச்சுன்னா தினம். லேசா சுருக்குன்னு இருந்தா பரவால்ல, எரிஞ்சுக்கிட்டே இருந்தா கழுவிட்டு ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. வெடிப்பு, கீறல், புண்ணு மேல போடாதீங்க.

அளவு சொல்றேன், ஆள்காட்டி வெரல்ல நுனிக்கு பக்கத்து மடிப்புல இருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு பிதுக்குனா அது அரை கிராம், வெரலோட சேத்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். ரெண்டு மேல்கைக்கும் சேத்து தெனம் ஒன்றரை கிராம் ஆகும், அப்ப 100 கிராம் டியூப் ரெண்டு மாசம் ஓடும். சின்ன டியூப் வாங்கி பொட்டு வைக்கற மாதிரி தடவிட்டு வேலை செய்யலன்னு சொல்லாதீங்க.

லாக்டிக், கிளைக்காலிக் போடறவங்களுக்கு வெயில் சட்டுனு சுடும். நம்ம ஊர் வெயில் தெரியுமில்ல, அரைக்கை போட்டு வண்டி ஓட்டறவங்க, மாந்தோப்புல பூந்தோட்டத்துல வேலை பாக்கறவங்க பகல்ல சன்ஸ்கிரீன் போடுங்க, இல்லன்னா முழுக்கை சட்டை போட்டுக்கங்க. ராத்திரி போட சொல்றதும் அதனாலதான்.

எத்தனை நாள்ல போகும்?

மேல்தோல் ஒரு சுத்து புதுசாக ஏறக்குறைய 28 நாள் ஆகும், அதனால ஒரு மாசம் வரைக்கும் கண்ணுக்கு ஒன்னும் தெரியாம இருக்கலாம், ஆனா தடவி பாத்தா கைக்கு தெரியும். 6 வாரத்துல நல்ல வித்தியாசம் வரும். நிறுத்தினா சில வாரத்துல திரும்ப வரும், இத மறைக்காம சொல்லிடறேன், இது ஒரேடியா போற வியாதி கெடையாது. சரியானப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் மருந்து, தெனம் மாய்ஸ்சரைசர், இத விடாம இருந்தா போதும்.

பயத்தமாவு, தயிர், புளி, எலுமிச்சை எல்லாம் போடலாமா?

பயத்தமாவு, நலங்கு மாவு தாராளமா போடலாம், ஆனா நைசா அரைச்சு சலிச்சது, தண்ணியிலயோ தயிர்லயோ குழைச்சு பூசி, காயறதுக்கு முன்னாடியே தண்ணி ஊத்தி கழுவிடுங்க, காஞ்சதுக்கப்புறம் தேய்ச்சு உதுத்து எடுத்தா அதுவே ஒரசல். தயிர்ல லாக்டிக் ஆசிட் நெஜமாவே இருக்கு, ஆனா லோஷன்ல இருக்க அளவுக்கு கெடையாது, இதமா இருக்கும், மணி கரையும்னு நம்பி இருக்காதீங்க.

புளி நம்ம மாவட்டத்து சரக்கு, அதனால இந்த கேள்வி இங்க ரொம்ப வரும். பித்தளை குத்துவிளக்கு பளபளக்குதே அதே மாதிரி முழங்கையும் பளபளக்கும்னு புளிய வச்சு தேய்க்கறாங்க. புளியில இருக்க டார்டாரிக் ஆசிடும் லாக்டிக், கிளைக்காலிக்கோட ஒரே குடும்பம்தான், ஆனா புளி உருண்டையில எத்தனை சதவீதம் இருக்குன்னு யாருக்கு தெரியும், நாரு ஓடு எல்லாம் வேற கெடக்கும், கீறி விட்டுடும். வேணாங்க. எலுமிச்சை சுத்தமா வேணாம், சாறு பட்ட தோல் மேல வெயில் பட்டா சுட்ட மாதிரி கொப்புளிச்சு கருத்துடும். ஆப்ப சோடாவும் வேணாம், நம்ம தோல் லேசான புளிப்புத் தன்மை, பி.எச். ஏறக்குறைய 5, சோடா அதுக்கு நேர் எதிரி.

சர்க்கரை, காபித்தூள் ஸ்கிரப் வாரத்துக்கு ஒரு தடவை லேசா போட்டா தப்பில்ல, ஆனா ஆசிட் க்ரீம் போடற அன்னைக்கு வேணாம்.

எண்ணெய் தேய்ச்சு குளிச்சா? ஒகேனக்கல் மசாஜ் பண்ணிக்கிட்டா?

எண்ணெய் நல்லதுதான். ஒகேனக்கல்ல பாறை மேல உக்கார வச்சு எண்ணெய் ஊத்தி நாலு தட்டு தட்டி விட்டு அருவியில நின்னு குளிச்சுட்டு வந்தா ஒடம்பு வழுவழுன்னு இருக்கும், அந்த வழுவழுப்பு எண்ணெய் தோல்ல இருக்க ஈரத்த வெளிய விடாம மூடி வைக்கறதால வர்றது. அடைப்ப கரைக்கற சக்தி எண்ணெய்க்கு கெடையாது. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் குளியல் போடறவங்க போடுங்க, ஆனா எண்ணெய எடுக்கறேன்னு சீயக்காய போட்டு பரபரன்னு தேய்க்காதீங்க, அங்கதான் கெடுது. மொதுகுல நெஞ்சுல பரு பருவா வர்றவங்க அந்த எடத்துக்கு எண்ணெய் விடாதீங்க.

எங்க ஊர் போர் தண்ணியாலதான் வருதா? ஃப்ளோரைடு இருக்குன்னு சொல்றாங்களே?

ரெண்டும் வேற வேற. நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்ங்கறது உண்மை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதுக்காகத்தான் கொண்டு வந்தாங்க, 2013ல காவிரித் தண்ணி வந்துச்சு. ஆனா ஃப்ளோரைடு கைய வைக்கறது பல்லுலயும் எலும்புலயும், பல்லு காவி ஏறும், மூட்டு வெறைக்கும். கையில மணி வர்றதுக்கு அது காரணம் இல்ல.

உப்புத் தண்ணி, அதாவது கால்சியம் மெக்னீசியம் நெறைய இருக்க கடினத் தண்ணி, அது வேற விதமா தொந்தரவு பண்ணும். சோப்பு நொரைக்காது, திரி திரியா வெள்ளையா படியும், பக்கெட் ஓரத்துல பாத்திருப்பீங்க, அதே படிவு தோல்லயும் ஒட்டி வறட்சிய கூட்டும். குடிக்க வர்ற காவிரித் தண்ணியில ஒரு சொம்பு எடுத்து வச்சு கடைசியா மேல ஊத்திக்க முடிஞ்சா நல்லது, முடியலன்னா சோப்ப கொறைச்சுக்கிட்டு மாய்ஸ்சரைசர விடாம போடுங்க.

கால்ல ஷேவ் பண்ற எடத்துல கரும்புள்ளியா இருக்கே?

முடி குழிக்குள்ளயே மடங்கி வளர்றது, இல்ல குழி வாயில எண்ணெயும் கெரட்டினும் கருத்து நிக்கறது. மழுங்கின பிளேடு, சோப்பு இல்லாம வெறுந்தோல்ல இழுக்கறது, முடிக்கு எதிர்ப்பக்கமா இழுக்கறது, இந்த மூணையும் நிறுத்துங்க. ஷேவிங், வாக்சிங் பண்ண அன்னைக்கு ஆசிட் க்ரீம் போடாதீங்க. ஊசி வச்சு முடிய கிண்டி எடுக்கறவங்க இருக்காங்க, சீழ் வச்சுடும்.

பக்கத்து வீட்டக்கா ஒரு க்ரீம் சொன்னாங்க, போட்ட ரெண்டே நாள்ல சரியாச்சாம், அத குடுங்களேன்?

டியூப கொண்டு வாங்கன்னு சொல்லுவேன். பின்பக்கம் க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. செவப்பும் அரிப்பும் சட்டுனு அடங்கும், அதனாலதான் எல்லாரும் மந்திரம்னு நெனைக்கறாங்க. மாசக்கணக்குல போட்டா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சுடும், வரி வரியா கோடு விழும், படை இருந்தா உள்ளுக்குள்ள பரவி டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆயிடும். டாக்டர் சீட்டு இல்லாம இத விக்கக் கூடாதுங்கறது சட்டம், நான் குடுக்க மாட்டேன், கோவிச்சுக்கிட்டு போனாலும் பரவால்ல. டாக்டர் எழுதி குடுத்து அவர் சொன்ன நாள் கணக்குக்கு போட்டா அது நல்ல மருந்து.

என் பையனுக்கு முழங்கை முட்டியில முள்ளு முள்ளா இருக்கு, இதே தானா?

இருக்கலாம், ஆனா எடத்த நல்லா பாருங்க. கெரட்டோசிஸ் பிலாரிஸ் மேல்கையிலயும் தொடையிலயும் வரும். முழங்கை, முழங்கால் முட்டியில கூரா கருப்பா கொத்தா இருந்தா அது சத்துக் குறைவால வர்ற தேரைத்தோலா இருக்கலாம், வைட்டமின் ஏ, பி, நல்ல கொழுப்பு இதெல்லாம் பத்தாததால வர்றது. அதுக்கு க்ரீம் மட்டும் போதாது, பிள்ளைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. ராத்திரியில கண்ணு சரியா தெரியலன்னு சொன்னான்னா ஒரு நாள் கூட தள்ளாதீங்க. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, ஒரு கை நெலக்கடலை இதெல்லாம் நம்ம ஊர்ல கெடைக்காததா, சீசன்ல பழுத்த மாம்பழமும் இதுக்கு நல்லதுதான், களிக்கு கீரைக் கொழம்பு ஊத்தி குடுங்க. வைட்டமின் மாத்திரைய நீங்களா வாங்கி குடுக்காதீங்க, வைட்டமின் ஏ அளவு மீறினா கெடுதல்.

கழுத்து பின்னாடி கருப்பா வெல்வெட்டு மாதிரி தடிச்சிருக்கு, எந்த ஸ்கிரப் நல்லது?

எதுவும் இல்ல. அது பெரும்பாலும் இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், சுகர் டெஸ்ட் எடுங்க. எடை கொறைஞ்சா அந்த கருப்பு தானா மங்கறத கண்ணால பாத்திருக்கேன்.

மாசமா இருக்கேன், போடலாமா?

யூரியா, லாக்டிக் ஆசிட் பொதுவா பரவால்ல, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. சாலிசிலிக் ஆசிட ஒடம்பு முழுக்க பூசாதீங்க. பருவுக்கு போடற க்ரீம்ல ட்ரெட்டினாயின், அடாபலீன்னு இருக்கற எதுவும் வேணவே வேணாம்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

அரிப்பு தாங்கலன்னா, சீழ் வச்சா, வட்டமா படர்ந்தா, வெரல் இடுக்குல ராத்திரியில அரிச்சு வீட்ல எல்லாருக்கும் வந்தா, முழங்காலுக்கு கீழ கெட்டி கெட்டியா அரிக்கற மணி இருந்தா, ரெண்டு மாசம் ஒழுங்கா க்ரீம் போட்டும் அசையலன்னா. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தோல் டாக்டர அங்கயே பாக்கலாம். காலையில சீக்கிரம் போயிடுங்க.

கல்யாணத்துக்கு 10 நாள்தான் இருக்கு, அதுக்குள்ள கை வழுவழுன்னு ஆக என்ன பண்ணலாம்?

10 நாள்ல மணி போகாதுமா, புதுசா எந்த ஆசிட் க்ரீமும் இப்ப ஆரம்பிக்காத, ஒத்துக்கலன்னா முகூர்த்தத்தன்னைக்கு கை செவந்து நிக்கும். காலையும் ராத்திரியும் 10 சதவீத யூரியா மாய்ஸ்சரைசர பூசிக்க, சோப்ப கொறைச்சுக்க, வெந்நி வேணாம். சொரசொரப்பு தொட்டா தெரியாத அளவுக்கு எளகும். வாக்சிங் பண்றதா இருந்தா நாலு நாள் முன்னாடியே முடிச்சுடு. நலங்கு வைக்கறப்போ அத்தை சித்தியெல்லாம் ஆசையா மாவ வச்சு அழுத்தி தேய்ப்பாங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வை, கைய மட்டும் பூசி விட்டா போதும், தேய்க்க வேணாம்னு.